எந்தச் சிஎம்எஸ்? வன்னியில் முதன்முறை இணையத்தளம் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, சிறிய கடை. வன்னியில் இணையத்தளம் வேண்டுமென்று பேச்செடுப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறும். ஊரில் கணினி தெரிந்த ஒரு பிள்ளையிடம் பொறுப்புப் போகும். தளமும் வரும். இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளை கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விட, முகப்பில் பழைய பொங்கல் வாழ்த்து அப்படியே நிற்கும். ஆகவே மென்பொருளைத் தெரிவுசெய்யும்போது மற்றக் கேள்விகளுக்கெல்லாம் முன்னால் இதைக் கேளுங்கள்: இன்று தளத்தைச் செய்பவர் ஊரில் இல்லாத நாளிலும் இன்னொருவர் அதை எடுத்து நடத்த முடியுமா?

சிஎம்எஸ் என்பதைத் தமிழில் உள்ளடக்க முகாமை முறைமை என்பார்கள். பெயர்தான் பெரிது. உள்நுழைந்து, தலைப்பும் விடயமும் எழுதி, படம் சேர்த்து, வெளியிடு என்ற பொத்தானை அழுத்தினால் பக்கம் தானாக உருவாகும் ஏற்பாடு அது. இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல் தெரியாத ஒருவர் தளத்தைப் புதுப்பிக்க முடிவது அதனால்தான்.

முதலில் ஒரு தாள்

கணினியைத் திறக்க முன் ஒரு தாளை எடுங்கள். யார் எழுதுவார் என்பதைப் பெயரோடு எழுதுங்கள். "செயலாளர்" என்று பதவியை எழுதினால் போதாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் செயலாளர் மாறுவார். குறைந்தது இரண்டு பெயராவது வேண்டும். அடுத்து, அவர்கள் எதில் எழுதுவார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் போனில்தான். பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுத விடயம் இருக்கும், எத்தனை மொழியில் வேண்டும் என்பவற்றையும் குறியுங்கள்.

கடைசியாகத் தளத்தில் வரப்போகும் விடயங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் இருக்கும் ஒரு கமக்காரர் அமைப்பென்றால் சிறுபோகக் கூட்ட அறிவித்தல், வாய்க்காலில் தண்ணீர் விடும் நாட்கள், உர விபரம், நிர்வாகக் குழுவின் பெயர்கள் என்று வரும். இதில் முதல் மூன்றும் திகதியோடு மாறுபவை, கடைசியானது வருடத்துக்கு ஒருமுறை மாறுவது. மாறுபவை எத்தனை, மாறாதவை எத்தனை என்று எண்ணுங்கள். மாறாத பக்கம் நாலைந்துதான் இருக்கிறதென்றால் பெரிய மென்பொருள் ஒன்றும் தேவையில்லை. கூகிளின் தளம் கட்டும் கருவியான கூகிள் சைட்ஸ் போதும். செலவில்லை, பழுதாகவும் எதுவுமில்லை. ஆனால் அதில் திகதிவாரியாக அறிவித்தல்களை அடுக்கும் வசதி கிடையாது. வாரம் ஓர் அறிவித்தல் போகிற தளத்துக்கு அதை எடுத்தால் மூன்றாம் மாதமே முகப்புப் பக்கம் நீண்டு நீண்டு வாசிக்க முடியாததாகிவிடும்.

இருக்கிற தெரிவுகள்

ஒருவர் அல்லது இருவர் எழுதி, அறிவித்தலும் படமும் மட்டும் போடும் தளத்துக்குப் புளொக்கர் தாராளமாகப் போதும். 1999 இல் தொடங்கி 2003 முதல் கூகிளிடம் இருக்கிறது. இலவசம், சொந்த டொமைன் பெயரையும் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) இணைக்கலாம், சேர்வர் (தளத்தை வைத்திருக்கும் கணினி) பராமரிப்பு உங்கள் தலையில் விழாது. அது பழையதென்று இளையவர்கள் ஒதுக்குவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. பணமும் ஆளும் குறைந்த சங்கத்துக்கு அதைவிடப் பத்திரமான தொடக்கம் குறைவு. ஒரு விடயத்தில் மட்டும் கவனம்: முழுத்தளமும் ஒரு கூகிள் கணக்கில் தொங்கும். சங்கத்தின் பெயரில் புதிய கணக்கொன்று திறந்து, நிர்வாகியாக இரண்டாவது மின்னஞ்சலையும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

பலர் எழுதுகிறார்கள், படிவம் வேண்டும், நாளைக்குப் பொருள் விற்கும் எண்ணமும் உண்டு என்றால் வேர்ட்பிரஸ். 2003 மே மாதம் வெளிவந்தது. இன்று உலகின் இணையத்தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. வன்னிக்கு இந்த எண்ணிக்கை ஏன் முக்கியமென்றால், செய்தவர் போய்விட்டாலும் வேர்ட்பிரஸ் தெரிந்த இன்னொருவரை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ தேடிப்பிடிக்கலாம். புதியவர்கள் அதிகம் குழம்பும் இடமொன்றும் இங்கேதான் இருக்கிறது. வேர்ட்பிரஸ் டொட் கொம் என்பது ஒரு நிறுவனத்தின் சேவை. அதன் இலவசத் திட்டத்தில் சொந்த டொமைன் பெயரை இணைக்க முடியாது. வேர்ட்பிரஸ் டொட் ஓர்க்கில் கிடைப்பது மென்பொருள். அதை நீங்கள் வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்கில், அதாவது தளத்தை வைக்கும் சேர்வர் இடத்தில், நிறுவ வேண்டும். இந்தக் கட்டுரையில் இனி வேர்ட்பிரஸ் என்றால் இரண்டாவதுதான்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தொடக்கத்திலிருந்தே பக்கங்கள் வேண்டுமென்றால் ஜூம்லாவையும் ட்ரூபலையும் பார்க்கலாம். பன்மொழி வசதி இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. வேர்ட்பிரஸில் அது இல்லை; பொலிலாங் போன்ற சொருகியை, அதாவது வசதி கூட்டும் துணை மென்பொருளைச், சேர்க்க வேண்டும். ஆனாலும் மூன்று மொழிக்கு ஆளில்லாமல் மூன்று மொழி மெனுவை மட்டும் வைக்காதீர்கள். சிங்களப் பக்கத்தைத் திறந்தவர் வெறுமையைப் பார்ப்பதைவிட ஒரு மொழித் தளமே மேல். ட்ரூபல் மிக வலுவானது, ஆனால் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதன் 7 ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரி 5 உடன் முடிந்தது. அந்தப் பதிப்பில் யாராவது இப்போது தளம் செய்து தருவதாகச் சொன்னால் வேண்டாமென்று விடுங்கள்.

விக்ஸ் போன்ற இணையச் சேவைகளில் பக்கத்தை அழகாக இழுத்துவைத்துக் கட்டலாம், உண்மைதான். ஆனால் அங்கே கட்டியதை வேறு ஹோஸ்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சந்தா நின்றால் திரும்பக் கட்ட வேண்டியதுதான். ஹியூகோ, ஜெக்கில் முதலிய, பக்கங்களை முன்கூட்டியே கோப்புகளாக்கி வைக்கும் நிலைத்த தள மென்பொருள்கள் வேகமானவை, ஹோஸ்டிங் இலவசமாகவும் கிடைக்கும். பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு விருப்பமான வேலை. அடுத்த செயலாளர் கட்டளைவரியைத் தட்டி அறிவித்தல் போடுவாரா என்பதை மட்டும் யோசியுங்கள்.

தமிழில் ஒரு மணிநேரப் பரீட்சை

எதைத் தெரிவுசெய்தாலும் முடிவெடுக்க முன் அதில் ஒரு மாதிரித் தளம் திறந்து பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள். ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் இவை இருக்காது, இங்கேதான் தமிழ்த் தளங்கள் கெட்டுப்போகின்றன.

சங்கத்தின் பழைய கடிதமொன்றை எடுத்து ஒட்டுங்கள். எங்கள் பக்கத்தில் ஆண்டுக்கணக்காக வேர்டில் அடித்தவை பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினியில் "அம்மா" என்று அடித்த சொல் கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துருதான் அதற்குத் தமிழ் வேடம் போடுகிறது. தளத்தில் ஒட்டியதும் வேடம் கலைந்து ஆங்கிலக் குப்பை தெரியும். அதைத் தவிர்க்கப் பலர் பிடிஎப் ஆக்கி ஏற்றுகிறார்கள். கண்ணுக்குச் சரியாக இருக்கும், ஆனால் கூகிளில் தேடினால் அகப்படாது, பிரதி எடுத்தால் அதே குப்பை. எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறைக்கு மாற்றும் ஒரு மாற்றியில் போட்டு மாற்றுவதே வழி. மாற்றியபின் ஒருமுறை வாசியுங்கள். கடிதத்தின் நடுவே இருந்த ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றி தமிழாக நினைத்து உளறலாக்கியிருக்கும். "கௌரவ" என்ற சொல்லையும் பாருங்கள்: சிலவேளை கெ, ள என்று இரண்டாகப் பிரிந்து "கெளரவ" ஆகியிருக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, தேடலில் மட்டும் வராது.

அடுத்தது முகவரி. வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு வைத்தால் பக்கத்தின் முகவரியும் தமிழில் உருவாகும். உலாவியில் அழகாகத் தெரியும் அந்த முகவரி வட்ஸ்அப்பில் ஒட்டும்போது விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட வாலாகிவிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் அங்கே 9 எழுத்தாக விரியும். குறி என்பது உயிர்மெய் முழுவதும் இல்லை. "கி" யில் க ஒன்று, விசிறி ஒன்று. "கிளிநொச்சி" யில் 10 குறிகள், ஆகவே 90 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்கியிருக்கும் இடமோ 200 எழுத்து மட்டும். "முல்லைத்தீவு மாவட்டக் கடற்றொழிலாளர் கூட்டம்" என்று தலைப்பு வைத்தால் முகவரி "முல்லைத்தீவு-மாவட்டக்-கட" என்று பாதியில் அறுந்துவிடும். அதே தொடக்கமுள்ள இன்னொரு தலைப்பும் வந்தால் அதன் முகவரியும் இதேபோல அறுந்து, வேறுபடுத்த ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பதிவிலும் முகவரிப் பெட்டியைத் திறந்து மூன்று நான்கு சொல்லில், ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதுவதைப் பழக்கமாக்குங்கள். புளொக்கரில் பிரச்சினை வேறு விதம். அது தமிழ்த் தலைப்பை எடுக்காமல் வெறும் "புளொக் போஸ்ட்" என்ற ஆங்கிலச் சொல்லோடு எண்ணைச் சேர்த்து முகவரியாக்கிவிடும். அங்கேயும் கையால் எழுதலாம், ஆனால் வெளியிட முன்பே எழுத வேண்டும்.

பிறகு தேடல் பெட்டி. வேர்ட்பிரஸின் தேடல் நீங்கள் கொடுத்த எழுத்துத் தொடர் அப்படியே எங்கே இருக்கிறதென்று பார்க்கும், தமிழ் இலக்கணம் அதற்குத் தெரியாது. "வவுனியா" என்று தேடினால் "வவுனியாவில்" அகப்படும். "கிளிநொச்சி" யும் "கிளிநொச்சியில்" உம் அப்படியே. "முல்லைத்தீவு" என்று தேடினால் "முல்லைத்தீவில்" அகப்படாது, "மன்னார்" என்று தேடினால் "மன்னாரில்" வராது, ஈற்றெழுத்து மாறிவிட்டது. "குளம்" தேடுபவருக்குக் "குளத்தில்" கிடைக்கவே கிடைக்காது. மென்பொருளை மாற்றி இதற்குத் தீர்வு காண முடியாது. ஊர்ப்பெயரையும் விடயத்தையும் வேற்றுமை உருபில்லாமல் வகையாகவும் குறிச்சொல்லாகவும் வைத்து, அவற்றை மெனுவில் காட்டிவிட்டால் வாசகர் தேடாமலே போய்ச் சேருவார். பதிவின் தலைப்பில் ஊர்ப்பெயரை எழுவாய் வடிவில் வைப்பதும் உதவும்.

கடைசியாக எழுத்துரு. "முல்லைத்தீவு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம்" என்று தடித்த எழுத்தில் பெரிய தலைப்பொன்று இட்டு, விலை குறைந்த போனில் பாருங்கள். ஆங்கிலத்தை நினைத்துச் செய்த வார்ப்புருக்களில் (தளத்தின் தோற்றத்தைத் தருபவை) வரி உயரம் போதாமல் மேலே ஈகாரச் சுழியும் கீழே கூ, வு வின் வளைவும் வெட்டுப்படும், அல்லது இரண்டு வரிகள் ஒன்றோடொன்று இடிக்கும். வரி உயரத்தை 1.6 இலிருந்து 1.8 வரை வையுங்கள், எழுத்திடைவெளியைப் பூச்சியமாக்குங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன் ஆகிய எழுத்துருக்கள் கூகிள் எழுத்துருக்களில் இலவசம். ஒன்றைத் தெரிவுசெய்து சாதாரணம், தடிப்பு என்ற இரண்டு கனத்தோடு நில்லுங்கள். பல எழுத்துருக்களில் ஒவ்வொரு கனமும் வாசகரின் டேட்டாவில் போகும் தனிக்கோப்பு.

படமும் டேட்டாவும்

தளத்தைப் பார்க்கப்போகும் பலர் டேட்டா கார்ட் போட்டு, சிக்னல் வந்து போகும் இடத்திலிருந்து பார்ப்பவர்கள். போனில் எடுத்த படமொன்று 3 முதல் 5 எம்பி இருக்கும். பரிசளிப்பு விழாவின் 40 படங்களை 4 எம்பி வீதம் அப்படியே ஏற்றினால் 160 எம்பி. அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, ஒன்று 120 கேபி அளவில் வைத்தால் எல்லாம் சேர்த்து 5 எம்பிக்குள் அடங்கும், போன் திரையில் வித்தியாசம் தெரியாது. வேர்ட்பிரஸ் பெரிய படங்களை 2560 பிக்சலுக்குச் சுருக்கித்தான் வைக்கும், ஆனால் எங்கள் தேவைக்கு அதுவும் பெரிது, மூலப்படமும் சேர்வரில் இடம் பிடித்துக்கொண்டே இருக்கும். ஏற்ற முன் சுருக்குவதே சரி. காணொளியைத் தளத்தில் ஏற்றவே வேண்டாம். யூடியூப்பில் போட்டு இணைப்பை ஒட்டுங்கள்.

நீண்ட அறிவித்தலை நேரே உலாவியில் எழுதாதீர்கள். கரண்ட் போகும், இணைப்பு அறும், எழுதியது போய்விடும். போனின் குறிப்புச் செயலியில் எழுதி முடித்து ஒட்டுங்கள்.

பெயரும் இடமும்

இலங்கைக்குரிய டொட் எல்கே பெயர்களை எல்கே டொமைன் பதிவகம் வழங்குகிறது. பாடசாலைகளுக்கென்று எஸ்சிஎச் டொட் எல்கே என்ற தனிப்பிரிவு உண்டு. டொட் இலங்கை என்று முழுத் தமிழிலும் பெயர் எடுக்கலாம். 2010 முதல் இருக்கிறது. சுவரொட்டியில் அழகாக இருக்கும், ஆனால் தமிழ் விசைப்பலகை போடாதவர்களுக்காக ஆங்கில எழுத்துப் பெயரையும் சேர்த்தே வையுங்கள்.

இங்கே நடக்கும் மிகப் பெரிய பிழை, டொமைனைத் தளம் செய்பவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவது. அவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவருக்குத்தான் போகும், அவர் அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதை நிறுத்தியிருப்பார், பெயர் காலாவதியாகும், பிறகு வேறு யாரோ அதை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவார்கள். உரிமையாளர் பெயர் சங்கத்தின் பெயராகவும், மின்னஞ்சல் சங்கத்தின் மின்னஞ்சலாகவும் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஹோஸ்டிங் எடுக்கும்போது முதல் வருட விலையைப் பார்க்காமல் இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலையைக் கேளுங்கள். பல இடங்களில் அது அதிகம். டொலரில் எடுத்தால் ரூபா விழும்போது உங்கள் செலவு ஏறும், வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கவும் வேண்டும். பிஎச்பி 8 வரிசை (வேர்ட்பிரஸ் ஓடும் நிரல்மொழி), இலவச எஸ்எஸ்எல் (இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழ்), தினசரி நகலெடுப்பு இந்த மூன்றும் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடம் 5 ஜிபி போதும்.

வேர்ட்பிரஸ் என்றால் முதல் நாள் வேலைகள்

ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஒரே சொடுக்கில் நிறுவலாம். பயனர் பெயருக்கு "அட்மின்" என்று வைக்காதீர்கள், கடவுச்சொல்லைத் திருட வரும் தானியங்கிகள் முதலில் தட்டும் கதவு அதுதான். பொது அமைப்பில் நேரவலயத்தைக் கொழும்புக்கு மாற்றுங்கள். மாற்றாமல் விட்டு, காலை 6 மணிக்கு வெளிவரட்டும் என்று ஓர் அறிவித்தலுக்கு நேரம் குறித்தால் அது 11.30க்குத்தான் வரும், ஐந்தரை மணி வித்தியாசம். கூட்டம் 10 மணிக்கென்றால் அறிவித்தலால் பயனில்லை. நேரவலயம் சரியாக இருந்தும் பிந்தினால் காரணம் வேறு: குறித்த நேரத்தின் பின் யாராவது தளத்தைத் திறந்தால்தான் வேர்ட்பிரஸ் விழித்து அதை வெளியிடும். வருகை குறைந்த தளத்தில் நீங்களே ஒருமுறை திறந்துவிடுங்கள்.

எழுதுபவர்களுக்கு நிர்வாகி உரிமை கொடுக்க வேண்டாம். ஆசிரியர் அல்லது பதிப்பாசிரியர் உரிமை போதும். சொருகிகள் ஏழெட்டுக்குள் நிற்கட்டும்: நகலெடுக்க ஒன்று, வேகத்துக்கு ஒன்று, தொடர்புப் படிவத்துக்கு ஒன்று என்று காரணம் சொல்லக்கூடியவை மட்டும். பணம் கொடுத்து வாங்க வேண்டிய வார்ப்புருவை யாராவது பென்டிரைவில் இலவசமாகத் தந்தால் தொடாதீர்கள். அவற்றில் பின்கதவு, அதாவது களவாக உள்நுழையும் வழி, வைத்திருப்பது வழமை. தளத்துக்குள் சூதாட்ட இணைப்புகள் முளைப்பதற்கு ஒரு காரணம் அது, இன்னொன்று மாதக்கணக்கில் புதுப்பிக்காமல் கிடக்கும் சொருகி. வாரத்தில் ஒரு நாளைக் குறித்து புதுப்பிப்புகளை அழுத்துங்கள். கருத்துப் பெட்டியைப் பார்க்க ஆளில்லையென்றால் மூடிவிடுங்கள்.

எதை ஏற்றக்கூடாது என்பதும் முதல் நாளே தீர்மானிக்க வேண்டிய விடயம். பயனாளிகள் பட்டியலை அடையாள அட்டை இலக்கத்தோடும் போன் இலக்கத்தோடும் பொதுவில் போடும் பழக்கம் நிறுத்தப்பட வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒருபுறம்; உதவி பெற்ற குடும்பத்தின் விபரம் ஊருலகம் பார்க்கக் கிடப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் மரியாதை இல்லை. பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கேளுங்கள்.

வெளியேறும் பரீட்சை

பத்துப் பதிவு சேர்ந்ததும், தளத்தை ஊருக்கு அறிவிக்க முன், எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். புளொக்கரில் அமைப்புகளுக்குள் நகலெடுக்கும் வசதி இருக்கிறது. வேர்ட்பிரஸில் கருவிகள் பகுதியில் ஏற்றுமதி இருக்கிறது, ஆனால் அந்தக் கோப்பில் எழுத்து மட்டும்தான் வரும், படங்கள் வரா. படம், வார்ப்புரு, தரவுத்தளம் எல்லாம் வேண்டுமென்றால் அப்டிராப்ட்பிளஸ் போன்ற நகலெடுப்புச் சொருகியால் எடுங்கள். எடுத்ததை வேறோர் இடத்தில் நிறுவி, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று திறந்து பார்த்தால்தான் அது நகல். தரவுத்தளத்தின் குறியேற்றம் யூனிகோட்டின் யூடிஎப் 8 இல் இல்லாமல் பழைய லத்தீன் வகையில் இருந்தால் ஒவ்வொரு தமிழெழுத்தும் கேள்விக்குறியாகத் திரும்பும். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டதை எவராலும் மீட்க முடியாது, ஆகவே சோதனையை இப்போதே செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2008, 2009 இடப்பெயர்வுகளில் வன்னியின் பாடசாலைப் பதிவேடுகளும் சங்கக் கணக்குகளும் கோயில் சிறப்பு மலர்களும் வீட்டுப் படங்களும் பெட்டி பெட்டியாகப் போயின. எஞ்சியவை அநேகமாக, ஏதோ ஒரு பிரதி வேறோர் ஊரில், வேறொருவர் கையில் இருந்ததால் எஞ்சியவை. தளத்தின் நகலும் மூன்று இடத்தில் இருக்கட்டும்: ஹோஸ்டிங்கில் ஒன்று, சங்கத்தின் கூகிள் டிரைவில் ஒன்று, வெளியூரில் இருக்கும் உறுப்பினர் ஒருவரின் வன்தட்டில் ஒன்று. மாதம் ஒருமுறை எடுத்தால் போதும்.

பிறகு ஒரு கடித உறை. அதற்குள் ஒரு தாளில் டொமைன் எங்கே பதியப்பட்டது, எந்தத் திகதியில் காலாவதியாகும், ஹோஸ்டிங் யாருடையது, சங்க மின்னஞ்சல் எது, அதன் மீட்பு இலக்கம் யாருடைய போன், நகல்கள் எங்கே என்று கையால் எழுதுங்கள். நிர்வாகியின் கடவுச்சொல்லையும் எழுதி, உறையை ஒட்டி, பொருளாளரின் அலுமாரியில் காசுப்புத்தகத்தோடு வையுங்கள். ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் புதிய நிர்வாகம் அதைப் பிரித்து, கூட்டம் முடிய முன் ஒருமுறை உள்நுழைந்து பார்த்து, கடவுச்சொல்லை மாற்றி, புதிய தாளை வைத்து மறுபடி ஒட்ட வேண்டும்.